பள்ளி வாசலில் எஞ்சினை அணைத்துவிடுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பனிக்காலம் தொடங்கியதிலிருந்து, காலையில் நம் பள்ளி வாசலில் நிற்கும் ஜீப், கார், வேன்களில் பல, மணி அடிக்கும்வரை எஞ்சின் ஓடியபடியே நிற்கின்றன. பிள்ளைக்குக் குளிரக் கூடாது என்ற அக்கறையில் செய்கிறீர்கள். ஆனாலும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடும்படி உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கரும்புகை வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அதே புகையில் கலந்துவரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு சமவெளியில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். அதிலும் ஒரு பகுதியை இந்த வாயு பறித்தால் பிள்ளையின் உடல் என்ன செய்யும்?

இரவெல்லாம் பனியில் நின்ற எஞ்சினில் எரிபொருள் முழுதாக எரிவதில்லை. புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியும் சூடேறிய பிறகே வேலை செய்யும். ஆகவே வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் சிறு தூரத்தில்தான் நச்சு மிகுதி. காற்றசையாத காலையில் அது கலையாமல் வாசலிலேயே தேங்குகிறது. புகைக்குழாய்க்கு அருகில் இருப்பது உங்கள் முகம் அன்று, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் முகம்.

சுற்றுலா வண்டிகளைச் சொல்லாமல் எங்களை ஏன் சொல்கிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த வண்டிகளின் நெரிசலுக்காகவே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் இ-பாஸ் எனும் இணையவழி நுழைவுச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. ஊருக்குள் ஏழு ரோடு சந்திப்பில் நிற்கும் வண்டி வரிசையை நீங்களும் நானும் குறைக்க முடியாது. பள்ளி வாசலை இன்றே மாற்றலாம்.

சைலன்சரில் ஓட்டை இருந்தால் புகை வண்டிக்குள்ளேயே வரும், உடனே சரிசெய்யுங்கள். கண்ணாடிகளை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுப் பிள்ளையை உள்ளே தூங்க விடாதீர்கள். வண்டியைப் பற்றிய கடிதம்தான் என்றாலும் இதையும் சொல்லியாக வேண்டும்: குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய அறையில் வைத்து ஒருபோதும் உறங்க வேண்டாம். அதிலிருந்து வருவதும் இதே வாயுதான், உயிரையே பறிக்கும். தலைவலி, மயக்கம், குமட்டல் சேர்ந்து வந்தால் பிள்ளையை உடனே திறந்தவெளிக்குக் கொண்டுவந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வரும் திங்கட்கிழமை முதல் காலை எட்டு மணிக்கே வகுப்பறைகள் திறந்திருக்கும். ஆசிரியர்களும் உள்ளே இருப்பார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு நீங்கள் உடனே கிளம்பலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்