இணையதளத்தைப் பேணுவதும் தமிழ்ப் பணியே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை டர்பனில் வசிக்கும் வாசகன் என்ற முறையில் மகிழ்ச்சியுடன் படித்தேன். நிரல் எழுதுவோரின் உழைப்பை அது நன்றாக எடுத்துரைத்தது. ஆனால் அம்மென்பொருள்களின் இணையதளங்களைப் பேணி, காலாவதியான பக்கங்களைத் திருத்தி, சிதறிக் கிடப்பவற்றை ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் எளிதில் கைகொடுக்கக்கூடிய பணி அதுவே என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்நாட்டின் வெல்கம் நகரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004இல் உபுண்டு என்னும் கட்டற்ற கணினி இயங்குதளத்தைத் தொடங்கியபோது, இணைய இணைப்பு இங்குள்ள சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. அதனால் கேட்டவர்களுக்கு உபுண்டு குறுந்தகடுகள் அஞ்சலில் இலவசமாக வந்தன. ஃப்ரீடம் டோஸ்டர் என்ற பெட்டிகளில் வெற்றுக் குறுந்தகட்டைச் செருகி, வேண்டிய மென்பொருளைப் பதிந்துகொள்ளவும் முடிந்தது. 2011இல் அஞ்சலில் அனுப்புவது நின்றது. இன்று மென்பொருளைத் தேடி வருபவர் முதலில் மிதிக்கும் வாசற்படி அதன் இணையதளம்தான். எதைப் பதிவிறக்குவது, எப்படி நிறுவுவது என்று அங்கே புரியாமல் ஒருவர் திரும்பிவிட்டால், நிரல் எவ்வளவு சிறந்ததாக இருந்தும் அவருக்குப் பயனில்லை.

உபுண்டுவுக்கு அடித்தளமான டெபியன் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். 1993இல் இயன் முர்டாக் தொடங்கிய அத்திட்டத்தின் இணையதளம் முழுக்கத் தன்னார்வலர்களால் நடப்பது. அங்கே மொழிபெயர்க்கப்பட்ட பக்கம் ஒவ்வொன்றின் மூலக் கோப்பிலும், ஆங்கிலப் பக்கத்தின் எந்தத் திருத்தத்தைப் பார்த்து அது எழுதப்பட்டது என்பதைக் குறிக்கும் வரி ஒன்று இருக்கும். ஆங்கிலப் பக்கம் பின்னர் மாறி, மொழிபெயர்ப்பு வெகுவாகப் பின்தங்கிவிட்டால், மூலத்தைப் பார்க்கும்படி வாசகரை எச்சரிக்கும் அறிவிப்பு பக்கத்தின் தலையில் தோன்றும். 2018இல் அத்தளத்தின் கோப்புகள் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் சிவிஎஸ் என்னும் பழைய முறையிலிருந்து கிட் என்னும் புதிய முறைக்குக் கொண்டுவரப்பட்டபோது, 1.23 என்பது போன்ற திருத்த எண்களுக்குப் பதிலாக கிட் தரும் நீண்ட குறியீடுகளை எல்லா மொழிக் கோப்புகளிலும் இட வேண்டியிருந்தது. அதில் பிழை நேர்ந்தால், எந்த மொழிபெயர்ப்பு பழையது, எது புதியது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். இத்தகைய வேலை முடிந்த பிறகும் பார்வையாளருக்குத் தளம் முன்போலவேதான் தெரியும். 2020 டிசம்பரில் முகப்புப் பக்கம் புதுப்பிக்கப்பட்டதுதான் பலர் கண்ணில் பட்டது. பாராட்டே கிடைக்காத இந்த உழைப்பின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

சீரமைப்பவர்கள் மறக்கக்கூடாதது பக்கங்களின் முகவரி. எங்கள் பகுதியில் வார இறுதித் தமிழ் வகுப்புக்காக அச்சிட்ட கையேடு ஒன்றில், கணினியில் தமிழ் விசைப்பலகையை அமைக்கும் வழிமுறைக்கு ஓர் இணைய முகவரி தரப்பட்டிருந்தது. தளத்தை ஒழுங்குபடுத்தியவர்கள் அப்பக்கத்தை வேறிடத்துக்கு நகர்த்தினார்கள். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய இடத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யவில்லை. பக்கம் காணப்படவில்லை என்ற செய்தியைப் பார்த்த பிள்ளைகள், தமிழை மறுபடியும் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டார்கள். நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று உலகளாவிய வலையை (வெப்) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998லேயே எழுதினார். தளத்தைச் சீரமைக்கும் ஒவ்வொருவரும் அதை விதியாகவே கொள்ள வேண்டும். கைப்பேசி டேட்டாவுக்கு அதிகம் செலவிடும் இந்நாட்டில், பக்கங்கள் கனமாகாமல் பார்த்துக்கொள்வதும் அவ்வளவு முக்கியம்; படங்களும் அசைவுகளும் நிறைந்த புதுத் தோற்றத்தைவிட டெபியனின் எளிய பக்கங்களே எங்களுக்கு உதவுகின்றன.

இப்பணிக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. உடைந்த இணைப்பைக் கண்டுபிடித்துத் தெரிவிப்பது, ஒரே செய்தியைச் சொல்லும் இரண்டு பக்கங்களை ஒன்றாக்குவது, பழைய பதிப்புக்கான குறிப்பை நீக்குவது, மொழிபெயர்ப்பைப் புதுப்பிப்பது ஆகியவற்றுக்குப் பொறுமையும் மொழித் தெளிவும் வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களிடமும் நூலகப் பணியாளர்களிடமும் இவை நிரம்ப உள்ளன. டேனிஷ் பேசுவோர் ஏறத்தாழ 60 லட்சம் பேர்தான். ஆயினும் டெபியன் தளத்தில் டேனிஷ் பக்கங்கள் ஏராளம். அதே தளத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு என்றாலும், தமிழில் படிக்கக் கிடைப்பவை மிகச் சில. கோடிக்கணக்கானோர் பேசும் மொழிக்கு இந்நிலை எனும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2001இல் இங்கே தொடங்கிய டிரான்ஸ்லேட் என்ற அமைப்பு, அன்றைய 11 அலுவல் மொழிகளிலும் மென்பொருள்களைக் கொண்டுவரப் பாடுபட்டது. அது உருவாக்கிய பூட்டில் என்னும் மொழிபெயர்ப்புக் கருவி லிப்ரே ஆபிஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருள் திட்டத்துக்கும் பல ஆண்டுகள் பயன்பட்டது. அந்த 11 மொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மொழி வாரியம் வளர்த்துப் போற்ற வேண்டிய சமூக மொழிகளுள் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வாரியம் முன்வரட்டும் என்று காத்திராமல், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் போன்ற இடங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்கள், பண்டிகைகளுக்கும் கலை நிகழ்ச்சிகளுக்கும் ஆள் ஒதுக்குவதுபோல இதற்கும் இருவர் மூவரை ஒதுக்க வேண்டும். நிறுவல் பக்கம், தமிழ் உள்ளீட்டுக்கான பக்கம் இரண்டையும் முதலில் எடுத்துக்கொண்டு, அவற்றைத் தொடர்ந்து புதுப்பித்து வந்தாலே எங்கள் வகுப்புகளுக்குப் போதுமானது.

இத்தகைய தளங்களைப் பேணிவரும் தமிழர் எவரையேனும் தங்கள் நாளிதழ் பேட்டி கண்டு, புதியவர் ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம் என்பதை விளக்கமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, எங்கள் வகுப்புக்கு வரும் பெற்றோர்களுக்கும் மூத்த மாணவர்களுக்கும் கொடுக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா