பதினாலு திராட்சை

மந்தைவெளி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகர்,

ஒன்பது மாதமாக உனக்கு நான் ஒரு வரி எழுதவில்லை, போனும் பண்ணவில்லை. வேலை என்று சொன்னால் நீ சிரிப்பாய். உண்மைக் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு வழக்கமான முட்டிவலி. பூபதி மடிப்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டான், என் ஐந்நூறு ரூபாயும் கூடவே குடிபோய்விட்டது.

விஷயம் எங்கள் நாய் கருப்பன். ஆவணி அவிட்டத்தன்று அவனை நானே கொல்லப் பார்த்தேன்.

பாயசம்தான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு உருளியில் ஒரு கரண்டி மிச்சம் இருந்தது. முந்திரியும் திராட்சையும் அடியில்தானே போய்த் தங்கும்? பண்டிகை நாளாச்சே என்று அப்படியே வழித்து அவன் தட்டில் போட்டேன். அந்த நேரம் பார்த்துப் பெங்களூரிலிருந்து பெண் வீடியோவில் கூப்பிட்டாள். "அப்பா, அவன் நக்குறது என்ன? திராட்சை இருக்கா அதுல?" என்று ஒரே அலறல். எத்தனை என்கிறாள். எண்ணியா போட்டேன்?

ஆட்டோ பிடித்து வேப்பேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு வாந்தியெடுக்க வைத்தார்கள். டாக்டரம்மா ஒரு குச்சியால் கிளறி எண்ணினார். உப்பிப்போய்ப் பதினாலு திராட்சை. "நல்ல வேளை, சீக்கிரம் வந்தீங்க" என்றார். அப்புறம் டிரிப்ஸ், மூன்று நாள் ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினின் ஏறவில்லை. பிழைத்தான்.

திராட்சை நாயின் சிறுநீரகத்தைத் தாக்குமாம். இத்தனை வரைக்கும் போகலாம் என்று கணக்கே கிடையாது. ஒரு நாய் கொத்தாகத் தின்றுவிட்டு வாலாட்டும், இன்னொன்றுக்கு நாலைந்து போதும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது சந்தேகிக்கிறார்களாம். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது: அதே அமிலம் புளியில் நிறைய உண்டு. 2015 வெள்ளத்தில் நம் மாடிப்படியில் வந்து ஒண்டிய நாளிலிருந்து அவனுக்கு ரசஞ்சாதம் பிசைந்து போட்ட கை இது. சாம்பாரில் என்ன கெடுதல் என்றேன். வெங்காயம், பூண்டு இரண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்குமாம், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாதாம். நம் ஹாஸ்டல் சாம்பார்தான் ஆபத்தில்லாதது போலிருக்கிறது, அதில் எதுவுமே இருக்காது.

பிறகு எடை பார்த்தார்கள். முப்பத்தொரு கிலோ. இருக்கவேண்டியது இருபத்திரண்டு. முஷ்டியை மடக்கச் சொன்னார். விரல் முட்டியைத் தடவினால் துருத்துகிறதா, விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் நாய் மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் மெல்லிய தோலுக்கடியில் எலும்பு தெரிகிறதே, அதுதான் சரி. உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் குண்டு. கருப்பனின் விலாவைத் தடவினேன். தலையணை.

"என்ன சாப்பிடறான்?" என்று கேட்டார். ரசஞ்சாதமும் தயிர்சாதமும் மட்டும்தான் என்றேன், மனசாட்சி உறுத்தாமல். வீட்டுக்கு வந்து விசாரித்தால் அம்மா தினம் இரண்டு இட்லி, வாட்ச்மேன் டீக்கடைப் பொறை, எதிர்வீட்டுப் பையன் சிப்ஸ். ராத்திரி டிவி முன்னால் மேரி பிஸ்கட் போடுகிற ஆள் யாரென்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. தின்பண்டமெல்லாம் சேர்ந்து நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாதாம்.

சோறே ஆகாது என்றில்லை. மனுஷனோடு வாழ்ந்து வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்க ஓநாயைவிட நன்றாகப் பழகிவிட்டது நாய். ஆனால் சோறே சாப்பாடாகிவிட்டால் புரதத்துக்கு எங்கே போவது? ஆகவே, சேகர், நம் வீட்டில் முட்டை நுழைந்துவிட்டது. சமையலறைக்குள் இல்லை, மொட்டை மாடியில், தண்ணீர் தொட்டி நிழலில், ஒரு கரண்ட் அடுப்பில். அம்மா நாலு நாள் பேசாமல் இருந்தாள். ஐந்தாம் நாள், "வேகற நேரம் பத்துமாடா?" என்றாள். வாட்ச்மேன் மனைவி எலும்பில்லாத கோழியை உப்பு, காரம் போடாமல் வேகவைத்துத் தருகிறாள். வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்குமாம், அதனால் அது கிட்டவே வரக்கூடாது. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைச்சல் என்று டாக்டர் அளந்து கொடுத்த பவுடர் வேறு. கூட மஞ்சள் பூசணி, பீன்ஸ், கொஞ்சம் சோறு. ஒரே நாளில் மாற்றினால் பேதியாகும் என்று ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம். முதல் நாள் பூசணியை மட்டும் நக்கிச் சுத்தம் பண்ணித் தட்டோரம் வரிசையாக வைத்துவிட்டான். நீ கத்திரிக்காயை வைப்பாயே, அதே மாதிரி.

இப்போது இருபத்தெட்டு கிலோ. நானும் ரெண்டு கிலோ குறைந்திருக்கிறேன், பிஸ்கட் டப்பா பரணில் இருப்பதால்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். ராணி போன அன்றைக்கு நீ அனுப்பிய செய்திக்கு நான் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினேன். அவ்வளவுதான். பூபதியிடம், "ஒரு நாய்க்கா இவ்வளவு அழுகை" என்றும் சொன்னேன். அன்றைக்கு டிரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோது கருப்பன் என் செருப்பின் மேல் முகத்தை வைத்துக்கொண்டான். உன் ஞாபகம் வந்தது. அதற்கப்புறமும் உன்னைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. மன்னித்துக்கொள்.

கடைசி நாட்களில் ராணி எதைத் தின்றாள்? நீ கையால் ஊட்டினாய் என்று உன் மனைவி சொன்னாள். கருப்பனுக்கும் பத்து வயது தாண்டுகிறது. எழுது.

மார்கழிக்கு வருகிறாய்தானே? மைசூர்பாகு கொண்டுவந்தால் என்னிடம் தனியாகக் கொடு. நாலேமுக்கால் ஆகிறது, மாடிப்படியில் நின்று குரைக்கிறான். முட்டை நேரம்.

அன்புடன்,
முரளி