எள்ளுருண்டையும் ஒரு மன்னிப்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பௌத்தம் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஒரு வரி மட்டும் உறுத்தியது. இல்லறத்தாரின் வேலை பிக்குகளுக்குச் சோறு போடுவதோடு முடிந்துவிட்டதாம். புத்தர் காலத்தில் மச்சிகாசண்டம் என்ற ஊரில் வாழ்ந்த சித்தர் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். (நம்மூர்ச் சித்தர் இல்லை, 'சித்த' என்பது அவர் பெயர்.)

காவி உடுத்தாத செல்வந்தர் அவர். அறத்தை எடுத்துச் சொல்லும் இல்லறச் சீடர்களில் முதன்மையானவர் என்று புத்தரே சொன்னது இவரைத்தான். பாலி மொழியில் உள்ள பௌத்தத் தொகுப்பு நூலான சங்யுத்த நிகாயத்தில் இவர் பெயரில் 10 சுத்தங்கள் (சூத்திரங்கள், அதாவது அறவுரைகள்) கொண்ட தனிப் பகுதியே இருக்கிறது. அதில் முதலாவதிலேயே, மனிதரைப் பிணைக்கும் கட்டும் அந்தக் கட்டுக்கு இடமான பொருள்களும் ஒன்றா வேறா என்ற கேள்வியில் மூத்த பிக்குகள் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். விடை சொல்பவர் சித்தர்: ஒரு கறுப்பு மாட்டையும் வெள்ளை மாட்டையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது. கறுப்பு மாடா வெள்ளையைக் கட்டிப்போட்டது? இல்லை, கயிறு. அதுபோலத்தான் கண்ணும் காட்சியும் ஒன்றுக்கொன்று கட்டு அல்ல, இரண்டுக்கும் நடுவே எழும் ஆசைதான் கட்டு. பிக்குகள் பாராட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது, பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் உள்ள சங்கதி. ஊரில் தங்கியிருந்த சுதம்மர் என்ற பிக்குவைக் கேட்காமல் சித்தர் யாரையும் விருந்துக்கு அழைப்பதில்லை. ஒருமுறை புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தர் முதலானவர்கள் வந்தபோது அவர்களை முதலில் அழைத்துவிட்டார். சுதம்மருக்குக் கோபம். மறுநாள் காலை வந்து சமையலைப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கிறது, எள்ளுருண்டைதான் இல்லை" என்றார். சித்தரின் முன்னோர் பலகாரம் விற்றவர், அதனால் அது அவர் குலத்தைக் குத்திய பேச்சு என்று பழைய விளக்கவுரை சொல்கிறது. சித்தரும் விடவில்லை. கோழிக்கும் காக்கைக்கும் பிறந்த குஞ்சு, கூவவும் தெரியாமல் கரையவும் தெரியாமல் விழித்ததாம் என்று ஒரு கதை சொன்னார்!

சுதம்மர் புத்தர் தங்கியிருந்த சாவத்தி நகருக்குப் போய் முறையிட்டார். புத்தர் அவரைத்தான் கண்டித்தார், போய்ச் சித்தரிடம் மன்னிப்புக் கேள் என்று அனுப்பினார். பிக்கு, இல்லறத்தானிடம்! போனவர் வெட்கத்தில் வாய் திறக்காமல் திரும்பி வந்துவிட்டார். அப்புறம் துணைக்கு இன்னொரு பிக்குவைச் சேர்த்து மறுபடி அனுப்பவேண்டியிருந்தது.

கட்டுரையாளர் அடுத்த பகுதியில் சித்தருக்கும் ஒரு பத்தி ஒதுக்கினால் மகிழ்வேன்.

அன்புடன்,
வாசகர் ஒருவர், கும்பகோணம்