நாலு தூண்ல ஒண்ணு நம்மளுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர் பீச் ரோட்டுல ராஃபிள்ஸ் சிட்டிக்கு எதுத்தாப்புல இருக்கற போர் நினைவுப் பூங்காவைப் பத்தி ஒரு விஷயம் ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, தமிழ் முரசுல எழுதினா நம்ம ஆளுங்க நாலு பேராவது படிப்பாங்கன்னு எழுதறேன், நீளமாயிட்டா வெட்டிக்குங்க.

அங்க நாலு வெள்ளைத் தூண் வானத்தைத் தொடற மாதிரி நிக்குதுல்ல, எல்லாரும் சாப்ஸ்டிக் சாப்ஸ்டிக்னு கிண்டலா சொல்றது, அது யாருக்காக நிக்குதுன்னு கேட்டா நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு “அது சீனங்களோடது”ன்னுதான் சொல்றாங்க. போன மாசம் ஊர்லேருந்து வந்த சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு அந்தப் பக்கம் போனப்ப ஒரு டூரிஸ்ட் கைடும் அப்படியேதான் சொல்லிட்டிருந்தாரு, அவருக்குப் பின்னாடி நின்ன இருபது பேரும் மண்டைய ஆட்டிட்டு போட்டோ எடுத்துட்டு பஸ் ஏறிட்டாங்க. கைடை விடுங்க. நம்மளே அப்படி நினைக்கறதுதான் எனக்குத் தாங்கல.

அந்த நாலு தூணும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், யூரேசியர்னு நாலு இனத்துக்கும் பொதுவா கட்டினது. நாலும் ஒரே உயரம், 60 மீட்டருக்கு மேல இருக்கும். இதுல எது யாரோடதுன்னு எங்கயும் எழுதி வைக்கல, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. தூரத்துலேருந்து பாத்தா தனித்தனியா தெரியும், கிட்டப் போயி படியேறி நடுவுல நின்னா அடியில நாலும் ஒண்ணா சேந்திருக்கறது தெரியும். நடுவுல ஒரு பெரிய வெண்கல ஜாடி. அங்க நின்னு அண்ணாந்து பாத்தா நாலு பக்கமும் வெள்ளையா ஏறிப்போயி நடுவுல துண்டு வானம் மட்டும் தெரியுது, எதுத்த ரோட்டு இரைச்சல்கூட கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கும். மத்தியானம் போனா ஆபீஸ் ஆளுங்க பூங்கா நிழல்ல பொட்டலத்தைப் பிரிச்சு சாப்பிட்டுட்டு இருப்பாங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல, பூங்கான்னா அதுக்கும்தான்.

கல்வெட்டுல நாலு மொழியில எழுதியிருக்கு, தமிழும் இருக்கு. 1942 பிப்ரவரி 15-லேருந்து 1945 ஆகஸ்ட் 18 வரைக்கும் ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் புடிச்சு வச்சிருந்த காலத்துல கொல்லப்பட்ட சிவிலியன்களுக்காகன்னு தேதியோட போட்டிருக்கு. இதைத் தமிழ்ல நின்னு படிக்கற ஒரு ஆளை நான் இதுவரைக்கும் அங்க பாத்ததில்ல. எம்ஆர்டி ரயில்ல தமிழ் அறிவிப்புல ஒரு எழுத்து மாறினா போதும், உடனே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போட்டுடறோம், அதுல நானும் ஒருத்தன்தான். இங்க கல்லுல இருக்கற தமிழை மட்டும் சீண்ட ஆளில்ல.

சீனங்களோடதுன்னு ஏன் பேராச்சுன்னா அதுக்கும் காரணம் இருக்கு, அதையும் சொல்லிடணும். 1962-ல சிக்லாப் பக்கம் மண்ணைத் தோண்டினப்ப கும்பல் கும்பலா எலும்பு கெடச்சுது. சூக் சிங்னு சொல்லி ஜப்பான் ராணுவம் சீன ஆம்பளைங்களைத் தரம் பிரிச்சு லாரியில ஏத்திட்டுப் போயி சுட்டுக் கொன்னாங்களே, அவங்க எலும்பு. சீன வர்த்தக சபைதான் முன்னாடி நின்னு அதையெல்லாம் தோண்டி எடுத்துச்சு, நினைவுச்சின்னம் வேணும்னு கேட்டதும் அவங்கதான். அப்ப பிரதமர் லீ குவான் இயூ, நிலம் குடுக்கறோம், ஆனா செத்தது ஒரு இனம் மட்டும் கெடையாது, எல்லாருக்கும் சேத்து கட்டணும்னு முடிவு பண்ணாரு, அவங்க திரட்டற பணத்துக்கு ஈடா அரசாங்கமும் பணம் போட்டுச்சு. 1963 ஜூன்ல நிலத்துல மண்வெட்டி போட்டாங்க, 1966 நவம்பர்ல 606 ஜாடியில எலும்பை வச்சு அங்கயே அடக்கம் பண்ணாங்க, 1967 பிப்ரவரி 15, அதாவது சிங்கப்பூர் விழுந்து சரியா 25 வருசம் கழிச்சு திறந்தாங்க. இன்னிக்கும் வருசா வருசம் அதே தேதியில அஞ்சலி நடத்தறது அதே சீன வர்த்தக சபைதான். அவங்க விடாம செய்யறாங்க, அதனால அவங்களுதுன்னு ஆயிடுச்சு. நாம என்ன செஞ்சோம்?

நம்ம ஆளுங்க எங்க போறாங்கன்னா, அப்படியே ரோட்டைத் தாண்டி எஸ்பிளனேட் பூங்காவுக்கு. அங்க நேதாஜி 1945 ஜூலை 8-ந்தேதி அடிக்கல் நாட்டின ஐஎன்ஏ, அதாவது இந்திய தேசிய ராணுவத்தோட நினைவுச்சின்னம் இருந்துச்சு, வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அவங்க தளபதி மவுண்ட்பேட்டன் ஆர்டர் போட்டு அதை இடிச்சுத் தள்ளிட்டாங்க, இப்ப இருக்கறது 1995-ல வச்ச அடையாளக் கல்லு. ஊர்லேருந்து யாரு வந்தாலும் அங்கதான் கூட்டிட்டுப் போறோம், சல்யூட் அடிச்சு போட்டோ எடுக்கறோம். எடுக்கட்டும், எனக்கும் அதுல பெருமைதான், மலாயா ரப்பர் தோட்டத்துலேருந்து ஜான்சி ராணி படையில சேந்த நம்ம பொண்ணுங்க கதையைக் கேட்டா இப்பவும் புல்லரிக்கும். ஆனா துப்பாக்கி தூக்கினவங்களை மட்டும் ஞாபகம் வச்சிக்கிட்டு, அரிசி இல்லாம மரவள்ளிக்கிழங்கு தின்னு காலு வீங்கிச் செத்தவங்களை விட்டுட்டோமேங்கறதுதான் என் வருத்தம்.

இதுல ஒரு தர்மசங்கடம் இருக்குன்னு எனக்குத் தோணும். நேதாஜிக்கு உதவி பண்ணதும் ஜப்பான்காரன்தான், நம்ம ஆளுங்களை சயாம் மரண ரயிலுக்கு, அதாவது தாய்லாந்து-பர்மா ரயில் பாதை போடற வேலைக்கு, இழுத்துட்டுப் போனதும் அவன்தான். ஒரே வீட்டுல ஒருத்தர் ஐஎன்ஏ, இன்னொருத்தர் சயாம். முதல் கதையைப் பெருமையா சொல்லணும்னா ரெண்டாவது கதையைக் கொஞ்சம் சத்தம் கொறச்சுத்தான் சொல்லணும். நம்ம பெரியவங்க அப்படித்தான் செஞ்சாங்கன்னு நினைக்கறேன்.

எங்க அப்பாயியோட தம்பி அப்படிப் போனவருதான். மூணு மாச வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம்னு சொல்லி கூட்டிட்டுப் போனாங்களாம். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபர்ல வேலை முடிஞ்சுது, போனவரு திரும்பல. காலராவா, அடியா, பசியா, ஒண்ணும் தெரியாது. அப்பாயி இதை எங்ககிட்ட உக்காந்து சொன்னது கெடையாது, ஆடி அமாவாசைக்குப் படைக்கறப்ப ஒரு இலை கூடுதலா போடுவாங்க, யாருக்குன்னு கேட்டா “சயாம் போனானே அவனுக்கு”ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிடுவாங்க. அவரோட எலும்பு அந்த 606 ஜாடியில இருக்க வாய்ப்பே இல்ல, அது தாய்லாந்து காட்டுல எங்கயோ கெடக்குது. ஆனா சயாமுக்குப் போனவங்க குடும்பத்துக்குன்னு இந்த ஊர்ல போயி நிக்க வேற எந்த இடம் இருக்கு, அந்தத் தூணைத் தவிர?

கல்லு வைக்கறதுல ஒரு வேடிக்கையும் சொல்றேன். எம்ப்ரஸ் பிளேஸ்ல டல்ஹௌசி பேர்ல ஒரு கூர்நுனித் தூண் நிக்குது, பாத்திருப்பீங்க. இந்தியாவோட கவர்னர் ஜெனரலா இருந்த அந்த டல்ஹௌசிதான், 1850-ல இங்க வந்து எட்டிப் பாத்துட்டுப் போனதுக்கு ஒரு தூண், அதுலயும் இங்கிலீஷ், சீனம், ஜாவி எழுத்துல மலாய், தமிழ்னு நாலு மொழி. வந்துட்டுப் போன அஞ்சு வருசத்துல அவரு தஞ்சாவூர் ராஜ்யத்தையே வாரிசு இல்லன்னு சொல்லி கிழக்கிந்தியக் கம்பெனி கணக்குல சேத்துட்டாரு, அவருக்குத் தமிழ்ல வாழ்த்து நம்ம ஊர்ல! சில நாள் தங்கின துரைக்குச் சட்டுனு தூண் கெடைக்குது, மூணரை வருசம் செத்து செத்துப் பொழச்ச ஜனங்களுக்கு இருபது வருசத்துக்கு மேல காத்திருக்க வேண்டியிருக்கு. சரி, அதை விடுவோம்.

ஆசிரியர்கிட்ட நான் கேக்கறது இதுதான். 1935-ல ஆரம்பிச்ச பேப்பர் இது, நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாம் படிச்சது. வர்ற ஜனவரியிலேருந்து வாரம் ஒரு மூலையில எடம் ஒதுக்கி, ஜப்பான் காலத்துல காணாமப்போன, செத்துப்போன நம்ம ஆளுங்க பேரை வாசகர்கள்கிட்ட கேட்டு வாங்கிப் போடுங்க. பெரிய கட்டுரை எல்லாம் வேணாம். பேரு, ஊரு, எங்க வேலை பாத்தாரு, கடைசியா யாரு எங்க பாத்தது, இவ்வளவு போதும். அந்தக் காலத்தை நேர்ல பாத்தவங்களுக்கு இப்ப குறைஞ்சது எண்பதுக்கு மேல வயசு, இன்னும் தள்ளிப்போட்டா கேக்க ஆளிருக்காது. தமிழாசிரியர்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன், பிப்ரவரி 15-ல வர்ற முழுமைத் தற்காப்பு தினத்துக்கு பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா அந்தக் கல்வெட்டுல இருக்கற தமிழை ஒரு பிள்ளையை விட்டு சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, அஞ்சு நிமிசம்கூட ஆகாது.

அஞ்சலிக்கு வர்றதுல நம்ம முகம் அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தான் தெரியுது. ஸ்பெஷல் பாஸ், அழைப்புன்னு நினைச்சு தயங்கறவங்க அந்த நேரத்துக்குத்தான் போகணும்னு இல்ல, பூங்கா எப்பவும் திறந்துதான் இருக்கு, அன்னிக்கு சாயங்காலம் 6.20-க்கு ஊரெல்லாம் சைரன் ஊதற நேரத்துக்குப் போனாலும் சரி. எஸ்பிளனேட் எம்ஆர்டியில இறங்கினா பக்கத்துலயே. நான் அப்பாயியோட தம்பி பேரை ஒரு தாளில எழுதி எடுத்துட்டுப் போறதா இருக்கேன், அந்தப் பக்கத்தை ஆரம்பிச்சீங்கன்னா முதல் பேரா அதையே அனுப்பி வைக்கறேன்.

இப்படிக்கு,
முரசு வாசகர் ஒருவர்,
ஈசூன்