வாசலில் உதிர்ந்து கிடக்கும் வசந்தத்தை உள்ளே கொண்டுபோங்கள்: பெங்களூரு டேகேர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூருவில் டேகேர் நடத்துகிறவர்களுக்கும், அங்கே சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மிஸ்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும்,

வணக்கம். என் மகளுக்கு இரண்டரை வயது. காலை ஒன்பது மணிக்கு விட்டு, மாலை ஐந்தரைக்குக் கூட்டி வருகிறேன். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஊரில் இருக்கிற அம்மாவாலும் மாமியாராலும் இங்கே வந்து தங்க முடியாது. அதனால் பகலில் அவளுக்கு வீடு என்றால் அது டேகேர்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

மார்ச் தொடக்கத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அடுத்த வாரம் ஸ்பிரிங் தீம், சென்சரி பின் வைக்கப்போகிறோம், ஆளுக்கு மூன்று பிளாஸ்டிக் துலிப், இரண்டு வண்ணத்துப்பூச்சி, ஒரு பாக்கெட் வாட்டர் பீட்ஸ் (தண்ணீரில் போட்டால் ஊதுகிற குட்டி மணிகள்) கொடுத்தனுப்புங்கள் என்று. சென்சரி பின் என்பது வேறொன்றும் இல்லை, அகலமான ஒரு டப்பில் அரிசியோ மணலோ தண்ணீரோ நிரப்பி, உள்ளே சில பொருள்களைப் புதைத்து, கரண்டியும் கிண்ணமும் கொடுத்துப் பிள்ளைகளை இஷ்டத்துக்கு அளையவிடுவது. அள்ளிக் கொட்டும்போது விரலுக்குப் பலம் வருகிறது, கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்கின்றன, 'வழவழ', 'சொரசொர', 'கனமா இருக்கு' என்று வார்த்தைகள் தானாக வாயில் வருகின்றன. இதெல்லாம் எனக்கும் பிடித்த விஷயம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், தொட்டும் முகர்ந்தும் கற்பதைத்தான் அவரும் வலியுறுத்தினார். ஆகவே சென்சரி பின் வைக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதற்குள் என்ன போடுகிறீர்கள் என்பதுதான் என் பேச்சு.

அந்தச் செய்தி வந்த அன்று காலை மகளை விடப் போனபோது டேகேர் இருக்கிற தெரு முழுக்க ரோஜா நிறத்தில் டபேபுயா பூ உதிர்ந்து கிடந்தது. செருப்பு வைக்க இடமில்லை. அவள் குனிந்து குனிந்து இரண்டு கையிலும் அள்ளினாள், ஒரு பூவை விரல் நுனியில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டாள். கேட் வரைக்கும்தான். அங்கே 'கீழே போடு, டர்ட்டி' என்று வாங்கிப் போட்டுவிட்டு உள்ளே கூட்டிப்போனார்கள். மறுவாரம் அதே கேட்டுக்கு உள்ளே அவளுக்குப் பிளாஸ்டிக் பூ கொடுத்தார்கள். மணம் இல்லை, ஈரம் இல்லை, கசக்கினால் கசங்காது, நாளைக்கு வாடவும் செய்யாது. அதைத் தொட்டு இரண்டரை வயதுப் பிள்ளை வசந்தத்தைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளும்?

துலிப் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஸ்ரீநகரில் மார்ச், ஏப்ரலில் அது தோட்டம் தோட்டமாகப் பூக்கிறது, அங்கே இருக்கிற பிள்ளைக்கு அதுதான் வசந்தம். நம் தெருவில் நிற்கிற டபேபுயாவும் மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து மரம்தான், ஆகவே உள்ளூர், வெளியூர் என்று சண்டை போடவில்லை. பிள்ளை மேலே பார்த்தால் மரத்தில் தெரிகிற பூ டப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. லால்பாக் தோட்டத்தைப் பல வருஷம் கவனித்துக்கொண்ட ஜெர்மானியர் கிரும்பிகல், ஒரு மரம் பூத்து முடியும்போது அடுத்தது பூக்கிற மாதிரி தெருக்களுக்கு மரம் தேர்ந்தெடுத்தார். 1980களில் நெகின்ஹால் என்ற வனத்துறை அதிகாரி ஐந்து வருஷத்தில் சுமார் 15 லட்சம் மரம் நட்டார். அந்த மரங்கள் உதிர்ப்பதைத்தான் நாம் கூட்டி மூட்டை கட்டுகிறோம்.

அடுத்தது வாட்டர் பீட்ஸ். தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

தீம் வாரத்தின் இரண்டாம் நாள், துணி துவைக்கும்போது மகளின் கவுன் பாக்கெட்டில் அந்த மணிகளில் நான்கு கிடைத்தன, கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு! அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றேன், பாக்கெட்டில் போட்டதை அவள் வாயில் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்றுதான் நினைப்பு ஓடியது. இந்த மணிகள் தண்ணீரை உறிஞ்சி ஊதுகிற ஒருவகைப் பாலிமர். விழுங்கினால் குடலுக்குள் போய் ஊதி அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, பிள்ளைக்கு ஏன் வாந்தி வருகிறது என்று டாக்டரே தேட வேண்டியிருக்கும். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொண்டாலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஒரு கைக்குழந்தை இறந்தபிறகு, 2023 டிசம்பரில் அமேசான், வால்மார்ட், டார்கெட் மூன்றுமே பிள்ளைகள் விளையாடுவதற்கென்று இதை விற்பதை நிறுத்தின. நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நான் கொடுத்தனுப்பிய பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன், அலங்காரத்துக்கு, செடிக்கு என்று போட்டிருந்தது, முத்திரை கிடையாது. வாங்கும்போதே நான் அதைப் படித்திருக்க வேண்டும், நீங்களும் கேட்டிருக்கக் கூடாது.

டேகேரில் சொன்னேன். அந்த டப்பை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள், அதற்கு நன்றி. ஆனால் இதே மணிகள் மற்ற டேகேர் டப்களில் இருப்பதைத் தோழிகள் அனுப்புகிற போட்டோக்களில் இன்னும் பார்க்கிறேன், அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன். மினுக்குகிற பிளாஸ்டிக் வண்ணத்துப்பூச்சிக்குள் பட்டன் பேட்டரி இருக்கும், அதுவும் வேண்டாம். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். மூன்று வயதுக்குக் கீழ் இருக்கிற பிள்ளைகளுக்கு டாய்லெட் பேப்பர் சுற்றி வருகிற அட்டைக் குழலை அளவாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் நுழைந்து விழுகிற, தொண்டையை அடைக்கக்கூடிய பொருள் எதுவும் டப்பில் வேண்டாம். ராஜ்மா, கொண்டைக்கடலை, புளியங்கொட்டை எல்லாம் இதில் அடிபட்டுப்போகும். குன்றிமணி எந்த வயதிலும் கூடாது. நம் வீடுகளில் பல்லாங்குழிக்கு அதை எடுத்த பழக்கம் உண்டு, ஆனால் அது கடும் விஷம். உதிரிப்பூ வாங்கினால் அரளி கலந்திருக்கிறதா என்று பொறுக்கிப் பாருங்கள். காலி மனையில் புல் பறிக்காதீர்கள், இந்த ஊரில் அதோடு பார்த்தீனியக் களையும் வந்துவிடும், சிலருக்குத் தோல் தடித்துப்போகும், மூச்சு இரைக்கும்.

சரி, என்னதான் போடுவது? முதலில் புங்கம்பூ. கன்னடத்தில் ஹொங்கே என்கிற இந்த மரம் இல்லாத தெரு இங்கே அபூர்வம். மார்ச்சில் பளபளவென்று தளிர் விட்டு, தொடர்ந்து பூக்கும், பூ உதிர்ந்த தரை பொரி சிந்தின மாதிரி இருக்கும் என்று நம் பழைய புலவர்கள் பாடியது அப்படியே கண்ணில் தெரியும். விடியற்காலையில் மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து வைத்தால் மண் படாத பூ ஒரு மணி நேரத்தில் ஒரு முறம் கிடைக்கும். தேனீ இருக்கலாம், நன்றாக உதறி, ஒருமுறை அலசிவிடுங்கள். புங்கங்காய் மட்டும் வேண்டாம், பூவும் தளிரும் போதும். அப்புறம் வேப்பம்பூ, யுகாதிக்கு எல்லா மார்க்கெட்டிலும் கொத்துக்கொத்தாக வருகிறது. ஒரு பூவை நாக்கில் வைத்துக் கசப்பு பார்க்கட்டும், அடுத்த கையில் வெல்லம் கொடுங்கள். கர்நாடகத்துப் பிள்ளைக்கு அது பேவு பெல்லா, என் மகளுக்குச் சித்திரை முதல் நாள் பச்சடி, வாய் கோணுவது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். முள்ளிலவம் பூவின் இதழ் தோல் மாதிரி தடியாக இருக்கும், அதற்குப் பக்கத்தில் டபேபுயா காகிதம் மாதிரி. கையில் எடுத்தால் பிள்ளைக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடும், நீங்கள் சொல்லித்தரவே வேண்டாம். அந்த அட்டைக் குழலில் நுழையாத மாங்காய் கொடுத்தால் காம்புப் பால் போகக் கழுவிக் கொடுங்கள், இல்லையென்றால் தோல் பொத்துப்போகும்.

கலர் அரிசிக்குச் சாயப்பொடி எதற்கு? மஞ்சளில் பிசறினால் அட்சதை, பீட்ரூட் சாற்றில் பிசறினால் ரோஜா நிறம். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு ஆறவைத்தால் நீலத் தண்ணீர், அதில் எலுமிச்சை பிழிந்தால் கண்முன்னே ஊதாவாகும். இதைப் பார்த்து என் மகள் 'இன்னொரு தடவை' என்று ஒன்பது தடவை கேட்டாள். அரிசியை விளையாடக் கொடுக்கலாமா என்று பல பாட்டிகளுக்கு மனசு கேட்காது, எனக்கும் கேட்காது. குருணை வாங்குங்கள், முடிந்ததும் புறாவுக்கும் அணிலுக்கும் போட்டுவிடலாம். தவிடும் தேங்காய் நாரும் அதைவிட நல்லது. தண்ணீர் டப் வைத்தால் இரண்டு லிட்டர் போதும், அதைச் செடிக்கு ஊற்றுங்கள். 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த ஊர் இது, பிள்ளைகளுக்கும் அது தெரியட்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது முளைப்பாரி. ஒரு தட்டில் மண்ணும் எருவும் போட்டு, பாசிப்பயறு தூவி, தினம் பிள்ளைகள் கையாலேயே தண்ணீர் தெளிக்கட்டும். தூவும்போது மட்டும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகையாகக் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாள் வெள்ளை வால் எட்டிப் பார்க்கும், ஒரு வாரத்துக்குள் பச்சை நிற்கும், விரலால் தடவினால் குறுகுறுக்கும். ஆனால் அதற்கு டப் ஒரு வாரம் அங்கேயே இருக்க வேண்டும். இப்போது நடப்பது அப்படி இல்லையே. பத்து நிமிஷம் வைக்கிறீர்கள், ஒவ்வொரு பிள்ளையும் கரண்டியோடு ஒரு போட்டோ, குரூப்பில் போட்டதும் டப் அலமாரி மேலே போய்விடுகிறது. போட்டோ கேட்டு நச்சரிப்பது நாங்கள்தான், இந்தத் தப்பில் பெற்றோருக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்குப் போட்டோ வேண்டாம். சாயந்திரம் அவள் நகத்தில் மண் இருந்தால், தலைமுடியில் பூ ஒட்டியிருந்தால் எனக்குப் போதும், வீட்டில் குளிப்பாட்டிக்கொள்கிறேன்.

கடைசியாக ஆயாம்மாக்களைப் பற்றி. என் மகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாம்மா கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்க்காரர், ராகி விதைத்தவர், முளைப்பாரி எடுத்தவர், கண்ணை மூடிக்கொண்டு பூத்தொடுப்பார். தீம் வாரத்தில் அவருக்குக் கொடுத்த வேலை சிந்தின மணிகளைப் பொறுக்குவது. அந்த டப்பின் பக்கத்தில் அவரை உட்காரவைத்துப் பாருங்கள். அவர் முறத்தில் புடைக்கிற சத்தத்துக்கே பத்துப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிடும். அவருக்குத் தெரிந்த தமிழும் தெலுங்கும் கன்னடமும் சேர்ந்தே பிள்ளைகள் காதில் விழட்டும், பூவுக்கும் இலைக்கும் மூன்று பெயர் தெரிந்தால் நல்லதுதானே.

வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்கு எங்கள் தெரு புங்கமரத்தடியில் வேட்டி விரிக்கப்போகிறேன். அலசி, உலர்த்தி, திங்கட்கிழமை மகளோடு கொண்டுவந்து கொடுக்கிறேன், தட்டும் பாசிப்பயறும் என் செலவு. நாங்கள் போகிற டேகேரில் இதைப் படிக்கிறவர்கள், எத்தனை பிள்ளைகளுக்கு வேண்டும் என்று மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் அம்மா, கிழக்கு பெங்களூரு