உன் தூக்குவாளியில் புதினா வைக்கட்டுமா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. காலையும் மாலையும் மாடிக்கு ஏறிவிடுகிறார், செடிகள் அப்படி இழுக்கின்றன.

போன வருடம் கெட்டுப்போன வாஷிங் மெஷினைப் பழைய இரும்புக்குப் போடும் முன், உள்ளே இருந்த டிரம்மை மட்டும் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். நல்ல எவர்சில்வர். சுற்றிலும் ஓட்டை இருப்பதால் தண்ணீர் தேங்காது. மண் கரைந்து ஓடாமலிருக்க உள்பக்கம் பழைய நூல் சேலையைச் சுற்றிக் கொடுத்தேன். ஆடியில் வைத்த தக்காளி இந்தப் புரட்டாசியில் கொத்துக் கொத்தாய்ப் பழுத்து நிற்கிறது.

தாத்தாவின் தகரப் பெட்டியில்தான் முதலில் தப்பு செய்தேன். அதில் ஓட்டை போட மனசு வராமல் அப்படியே மண்ணைக் கொட்டிக் கீரை விதைத்தேன். போன ஐப்பசி மழையில் தண்ணீர் நின்று, வேரெல்லாம் அழுகி, பெட்டியே நாறிவிட்டது. அப்புறம் அப்பா ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்து அடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டார். செங்கல் மேல் தூக்கி வைத்தோம். இப்போது அதில் வாரம் ஒருமுறை அரைக்கீரை கிள்ளுகிறேன். கீரைக்கு அரை அடி மண் போதும். தக்காளி, கத்தரி என்றால் ஒரு அடியாவது வேண்டும்.

உன் பால்கனிக்கும் செம்மண், அலசிப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவு, மட்கிய சாண எரு மூன்றையும் சமமாகக் கலந்துகொள். வெறும் செம்மண் இறுகிவிடும், கனமும் அதிகம். பழைய பெயின்ட் டப்பா இருந்தால் பூச்செடி மட்டும் வை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், சாப்பிடுகிற எதையும் அதில் வளர்க்காதே. தகரம், அலுமினியம் எதுவானாலும் மேற்கு வெயிலில் வைத்தால் வேர் வெந்துபோகும், சாக்கைச் சுற்றிவிடு. அடித்தட்டில் நிற்கும் தண்ணீரை மறக்காமல் கொட்டு. டெங்குக் கொசுவுக்கு அந்தக் கொஞ்சம் தண்ணீரே போதும்.

நேற்று பரணை ஒழித்தபோது உன் தூக்குவாளி கிடைத்தது, ஒன்றாம் வகுப்புக்குச் சோறு கொண்டுபோனாயே, அதுதான். பெயர் வெட்டியவர் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டுவிட்டார் என்று நீ சாப்பிடாமல் அழுதாய். அன்று ராத்திரி அப்பா ஆணியால் மெல்லத் தட்டிப் புள்ளி வைத்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் பெரிதாக, பள்ளமாகத் தெரிகிறது. விரல் வைத்தால் தட்டுப்படுகிறது.

இப்போது அதன் அடியிலும் ஓட்டை போட அப்பா ஆணியை எடுத்தார். உன்னைக் கேட்காமல் வேண்டாம் என்று வாங்கி வைத்துவிட்டேன். புதினாத் தண்டு நாலு தண்ணீரில் போட்டிருக்கிறேன், வெள்ளையாய் வேர் விட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சரியா வேண்டாமா என்று சொல்.

அன்புடன்,
அம்மா