திரும்பி வரும் மகனும் திரும்பி வரும் மகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ந்த பிள்ளைகள் மறுபடியும் பெற்றோர் வீட்டுக்கே குடிவருவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மகள்களைவிட மகன்களே அதிகம் என்று எழுதியிருந்தது சரிதான். ஆனால் பெண்களுக்குப் பொறுப்பு அதிகம், பையன்கள் சோம்பேறிகள் என்று அதற்குச் சொன்ன காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவில் 2014-இல் 18 முதல் 34 வயது வரையிலான ஆண்களில் 35 சதவீதமும் பெண்களில் 29 சதவீதமும் பெற்றோர் வீட்டில் இருந்ததாக ப்யூ ஆய்வு மையம் கணக்கிட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பெற்றோருடன் வசித்த வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய பத்துக்கு ஆறு பேர் ஆண்கள். சரி, இவர்களில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர், வீட்டை விட்டுப் போகவே போகாதவர்கள் எத்தனை பேர்? இந்த எண்கள் அதைச் சொல்வதில்லை. கட்டுரையாளரோ எல்லோரையும் திரும்பி வந்தவர்களாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

பெண்கள் சற்று இள வயதிலேயே, தங்களைவிட மூத்த ஒருவரோடு குடும்பம் தொடங்குவது இன்றும் பரவலாக உள்ள வழக்கம். அதனால் அதே வயதுப் பையன் பெற்றோர் வீட்டில் இருக்கும்போது அவள் வேறு வீட்டில் இருக்கிறாள். இதில் பொறுப்பு எங்கே வந்தது? வேலையையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 18 முதல் 34 வயது வரையிலான ஆண்களில் வேலையில் இருந்தவர்கள் 1960-இல் 84 சதவீதம், 2014-இல் 71 சதவீதம். சோம்பல் என்று சொல்வதற்கு முன் இதையும் யோசித்திருக்கலாம்.

மணமுறிவுக்குப் பிறகு நடப்பது இன்னும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் குழந்தைகள் தாயிடம் இருப்பார்கள். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி, வீடிழந்தவர்களில் குழந்தையோடு இருப்பவருக்கு முன்னுரிமை உண்டு. தனி ஆளாகிவிட்ட தகப்பனுக்குக் குழந்தையை வைத்துக் கிடைக்கும் அந்த முன்னுரிமை இல்லை. அவர் அம்மா வீட்டுக் கதவைத் தட்டுகிறார். கணக்கில் அவரும் திரும்பி வந்த ஒரு மகன்தான்.

அப்புறம், கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. மகன் திரும்பி வந்தால் பல வீடுகளில் அவன் பாதி விருந்தாளி. எப்போது வருகிறான், எப்போது போகிறான் என்று அதிகம் கேட்க மாட்டார்கள். மகள் வந்தால் யாரும் சொல்லாமலே சமையலில் ஒரு பங்கு, பாட்டியைப் பார்த்துக்கொள்வதில் ஒரு பங்கு. ஒன்பது மணிக்கு மேல் எங்கே போனாய் என்ற கேள்வியும் உண்டு, அவளுக்கு முப்பது வயது ஆனாலும். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒரு சிறிய அறைக்குச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெற்றிகரமாகச் சொந்தக் காலில் நிற்பவர்கள் என்று கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். அதே நேரத்தில், படுத்துவிட்ட அப்பாவைக் கவனிக்க வேலையை விட்டு வந்த மகள் பெற்றோரை நம்பி இருப்பவளாகிறாள்! யார் யாரை நம்பி இருக்கிறார்கள்?

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது போகாதவர்களையும் திரும்பியவர்களையும் தயவுசெய்து தனித்தனியாகக் காட்டுங்கள். பிள்ளைகளிடம் மட்டும் பேசாமல் அம்மாக்களிடமும் பேசுங்கள். வீட்டுச் செலவுக்கு யார் பணம் தருகிறார்கள், துணி துவைப்பது யார் என்று இரண்டையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி